தாயம்மாவின் சைவம்

சட்டிக்கு மேல் குனிந்து, கண்ணை மூடி, மூச்சை ஒருமுறை இழுத்துவிட்டு, "உப்பு ஒரு சிட்டிகை பத்தல" என்கிறாள் தாயம்மா. சட்டியில் கொதிப்பது காட்டுப்பன்றிக் கறி. அவளோ பதினெட்டு வருடமாகச் சைவம். ஒரு சொட்டுக் குழம்பு நாக்கில் பட்டதில்லை. ஆனாலும் லுக்குட் ஊரை ஒட்டிய அந்தச் செம்பனைத் தோட்டத்தில் பன்றிக்கறிக்கு உப்பும் மிளகும் அளவாக விழுகிற வீடு அவளுடையதுதான் என்பதில் தின்றவர்களுக்குள் இரண்டு கருத்து கிடையாது. எப்படித் தெரிகிறது என்று கேட்டால், "மூக்கு என்ன, மூக்குத்தி மாட்ட மட்டுமா இருக்கு?" என்பாள்.

பகலில் செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை. சாயங்காலம் தோட்டத்து முனையில் பஸ் இறக்கிவிட்டதும் நேராக அடுப்படி. முதலில் கறிச்சட்டி, பிறகு கையை முழங்கைவரை தேய்த்துக் கழுவுதல், பிறகு தன் சட்டி. இந்த வரிசை மாறி யாரும் பார்த்ததில்லை.

கணவர் வீரமுத்து தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறார். ஒரு மழைநாளில் டிராக்டர் வாய்க்காலில் கவிழ்ந்து அவர் இடுப்பு உடைந்து கிடந்தபோது, 'இவர் எழுந்து நடந்தால் கவிச்சி தொடமாட்டேன்' என்று அம்மனிடம் சொல்லிவிட்டாள். அவர் எழுந்து நடந்தார். நடந்துபோய் முதலில் வாங்கிவந்தது இரண்டு கிலோ ஆட்டுக்கறி. சமைப்பதைப் பற்றி அம்மனிடம் ஒன்றும் பேசி முடிக்கவில்லையே என்பது தாயம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆனால் அந்தச் சைவத்துக்கு ஒரு சிம்மாசனம் இருந்தது. கல்யாணமோ காதுகுத்தோ, பந்தி விரிக்கும் முன் யாராவது ஒருவர் கேட்பார்: "தாயம்மாவுக்கு என்ன இருக்கு?" அந்தக் கேள்விக்காகவே அவள் விருந்துகளுக்குப் போனாள் என்றால் மிகை இல்லை. "எனக்கு ஒன்னும் வேணாம்லா, ஊறுகா இருந்தா போதும்" என்பாள். இலையில் மூன்று காய் விழும்வரை உட்காரமாட்டாள்.

வருடத்துக்கு ஒருநாள் அந்தச் சிம்மாசனத்துக்குக் கிரீடமும் உண்டு. தோட்டத்து முனியாண்டிக்கு ஆடி மாதம் கிடா வெட்டுவார்கள். பக்கத்துக் கொட்டகையில் இருக்கும் அம்மனுக்குச் சர்க்கரைப் பொங்கல். அந்தப் பானை தாயம்மாவின் கையில். கிடாக்கறியை அன்று வீரமுத்து கருக்குவார். சாமி காரியம் என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டு தின்பார்கள். வருடத்தில் அந்த ஒருநாள்தான் தாயம்மா கறி அடுப்புப் பக்கம் திரும்புவதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் வீரமுத்துவின் தம்பி கணேசமூர்த்தி அம்பாங்கானிலிருந்து ஷாமினியைக் கட்டிக்கொண்டு வந்தான். முதல் விருந்தில், இவளும் கவிச்சி தின்னாதவளாமே என்ற பாசத்தோடு, தாயம்மா தன் சட்டியிலிருந்து மோர்க்குழம்பை அள்ளினாள்.

"மோரும் வேணாம்க்கா. நான் வீகன்."

"அப்படின்னா?"

"பால், தயிர், நெய், முட்டை, தேன், ஒன்னும் எடுக்கமாட்டேன்."

"தேனுமா?"

"தேனீ பாவம்க்கா."

"அப்ப கொசு?"

"கொசு என்னைத் தின்னுதுக்கா. அதான் அடிக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். தாயம்மாவும் பல்லைக் காட்டினாள். மொட்டை மாடியில் நிற்கிறோம் என்று நம்பியிருந்தவளுக்கு, மேலே இன்னொரு மாடி இருப்பது அன்றுதான் தெரியவந்தது. அடுத்த விருந்தில் கேள்வியில் பெயர் மாறிவிட்டது. "ஷாமினிக்கு என்ன இருக்கு?" என்றார்கள். தாயம்மாவுக்கு என்று யாரோ இழுத்தபோது, "அவளுக்கென்ன, தயிர் இருக்கே" என்று பதில் வந்தது.

ஒருவருக்கும் சொல்லாமல் தானும் பாலை விட்டுப் பார்த்தாள். நாலு நாள் பால் விடாத வெறும் டீ-ஓ. ஐந்தாம் நாள் கட்டிப்பால் டின்னில் ஓட்டை போட்டு நேராக வாயில் கவிழ்த்துக்கொண்டாள்.

ஓரகத்தி வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது வேறொன்று கண்ணில் பட்டது. வீட்டுக்குப் பின்னால், சாக்கடை ஓரம், சின்ன அடுப்பை வைத்துக்கொண்டு கணேசமூர்த்தி கோழி வறுத்துக்கொண்டிருந்தான்.

"என்ன மூர்த்தி, நீ ஆக்குற?"

"அவ கறிச்சட்டியத் தொடமாட்டா அண்ணி. ஒனக்கு வேணும்னா நீயே ஆக்கிக்கன்னுட்டா" என்றான். குறையாகக்கூடச் சொல்லவில்லை, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னான்.

திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளின் பின்னால் தாயம்மாவுக்கு அதே யோசனை. அப்படி ஒரு வார்த்தையைப் புருஷனிடம் சொல்லலாமா? சொன்னால் அவன் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போவானா? லுக்குட் கடைத்தெரு வந்தபிறகுதான் வீரமுத்துவின் முதுகிடம் பேசினாள்: "கொழுப்பப் பாத்தீங்களா அவளுக்கு?"

அதோடு போயிருந்தால் பொறாமை பொறாமையாகவே இருந்திருக்கும். ஆனால் ஷாமினிக்குக் கையில் கிடைக்கிற பொட்டலத்தையெல்லாம் திருப்பிப் படிக்கிற பழக்கம். தாயம்மா கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளும் சம்பல் போத்தல் ஒன்று. மாதாமாதம் லுக்குட்டில் வாங்குவது, வெங்காயமும் மிளகாயும் என்று நம்பித் தின்பது. ஒருநாள் வீட்டுக்கு வந்த ஷாமினி அதன் அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தாள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் இன்னும் கொடுமை.

"அக்கா, இதுல உடாங் போட்டிருக்கே. காஞ்ச எறாலு."

வீரமுத்து மூச்சு முட்டச் சிரித்தார். "பதினெட்டு வருசமா எறா தின்னுக்கிட்டா எனக்காக விரதம் இருந்த?"

"அது பொடிலா. பொடியில உசுரா இருக்கு?" என்றாள் தாயம்மா. அந்தப் பதில் அவளுக்கே நிற்கவில்லை. போத்தலை எடுத்துப்போய் வெளியே வீசிவிட்டு வந்தாள்.

சிரிப்பு ஆடி மாதத்தில் தீர்ப்பாகிவிட்டது. டிராக்டரைக் கிளப்பிக்கொண்டே வீரமுத்து சொன்னார்: "இந்த வருசம் அம்மன் பானைய ஷாமினி வெக்கட்டும். அவ கை கறியத் தொட்டதே இல்ல. நீ கெடாவப் பாரு. ஒன் கைப்பக்குவம் யாருக்கு வரும்?"

"என் கையத் தொட வெச்சது யாரு?" என்று தாயம்மா கேட்டாள். டிராக்டர் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை.

பூசையன்று ஒரு செம்பனை மரத்துக்கு இந்தப் பக்கம் கிடா, அந்தப் பக்கம் பொங்கல். தாயம்மா கறியைக் கிண்டியபடி அந்தப் பானையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால், நெய்க்குப் பதில் தேங்காயெண்ணெய். இதை அம்மன் எப்படி முழுங்குவாள்? அடி பிடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். யாரை வேண்டுவது என்பதில்தான் சங்கடம். பொங்கலே அந்த அம்மனுக்கு. அடி பிடிக்கவில்லை. பொங்கி, நுரைத்து, நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி மணத்தது.

அப்போதுதான் ஷாமினி ஒரு கரண்டி பொங்கலை எடுத்து, ஊதி, வாய்க்குக் கொண்டுபோனாள்.

படைக்கும் முன் ருசி பார்க்கக்கூடாது. உதடு பட்டால் பானை முழுக்க எச்சில். கோயில் பிரசாதத்தை வாங்கி மட்டுமே தின்று வளர்ந்த பெண்ணுக்கு இதை ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. வீரமுத்து கிடா அடுப்புக்கு இரண்டடி தள்ளி வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பினால் போதும், அடுத்த வருடம் மட்டுமல்ல, இனி எந்த வருடமும் அந்தப் பானை வேறு கைக்குப் போகாது. தாயம்மா ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும்.

நின்றாள். சூடு ஆறவில்லை, ஷாமினி இன்னொரு முறை ஊதினாள். தாயம்மா கறிக்கரண்டியைப் போட்டுவிட்டு நாலே எட்டில் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்னக்கா?"

"வாயில வெக்காத. சாமிக்கு அப்பறந்தான் நமக்கு."

ஷாமினியின் முகம் வெளுத்தது. "யாரும் சொல்லலியேக்கா."

"நானுந்தான் சொல்லல" என்றாள் தாயம்மா.

கரண்டியை வாங்கி, அதிலிருந்ததை அடுப்பில் தட்டினாள். கிடா அடுப்புப் பக்கமிருந்து வீரமுத்துவின் குரல் வந்தது: "தாயி, கறி அடி பிடிக்குதுலா. வந்து கிண்டு."

"நீங்க போங்கக்கா, நான் பாத்துக்கிறேன்" என்றாள் ஷாமினி.

"தாயி! பொகையிதுலா!"

தாயம்மா பலகையை இழுத்தாள். "கொஞ்சம் தள்ளு" என்று ஷாமினியை முழங்கையால் ஒதுக்கிவிட்டு, கிடா அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பொங்கல் பானைக்கு அடியில் விறகை உள்ளே தள்ளினாள்.