பெயருக்கு நடுவே ஒரு சாய்கோடு

உமாமகேஸ்வரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. லிட்டில் இந்தியாவில் பூக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை. கணினித் திரை, எல்லாம் முடிந்தது என்று பச்சை காட்டிக்கொண்டிருந்தது. பச்சையைப் பார்த்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிற பிறவி அவள் இல்லை.

நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்த்துக்கொள்ளும் தாதியர் நிறுவனம் அது. பதினெட்டு வருடமாக அங்கே கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது எல்லாம் அவள் தலையில்தான். பிரிண்டரில் தாள் சிக்கினாலும் உமா, மெயில் வராவிட்டாலும் உமா. இந்த வாரம் பழைய சர்வரில் கிடந்த மெயில் முழுவதையும் புதிய சர்வருக்கு மாற்றும் வேலை. நோயாளிக்கு ஒரு ஃபோல்டர் என்று மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. டாக்டர் மருந்தை மாற்றி அனுப்பும் கடிதம் அதற்குள்தான் வந்து விழும். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தாதியர் அதைத் திறந்து பார்த்துத்தான் ஊசி போடுவார்கள்.

பழைய சர்வர் வாடகைச் சாமான். நாலு மணிக்கு ராஜீவ் என்ற ஆள் வந்து, உள்ளே இருப்பதைத் துடைத்து அழித்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அதற்குப் பிறகு தலைகீழாக நின்றாலும் எதுவும் திரும்பி வராது.

ஃபோல்டர் எண்ணிக்கையில் ஒன்றுதான் குறைந்தது. மெயிலிலோ ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு குறைந்தது. தலைமைத் தாதி ஜரீனாவுக்குப் போன் போட்டாள்.

"குப்பை மெயில் விட்டுப்போயிருக்கும் லா. ரிப்போர்ட் பச்சைதானே காட்டுது? வீட்டுக்குப் போ உமா. நீ சும்மாவே கவலைப்படற ஆளு."

"குப்பையைத் தனியா எண்ணிட்டேன் ஜரீனா. அது இல்ல."

போனை வைத்தாளே தவிர மனசு கேட்கவில்லை. பட்டியலை மேலிருந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். சீனப் பெயர்கள் மூன்று சொல்லும் முழுசாக இருந்தன. மலாய்ப் பெயர்களில் மகன், மகள் என்று குறிக்கும் 'பின்'னும் 'பிந்தே'யும் அலுங்காமல் உட்கார்ந்திருந்தன. அப்புறம் வந்தது 'ராமலிங்கம் எஸ்'. அவ்வளவுதான், எஸ்ஸுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. திறந்தாள். காலி. 'சரோஜினி டி' என்று இன்னொன்று. அதுவும் காலி.

பழைய பட்டியலைப் பக்கத்தில் விரித்துப் பார்த்தாள். பழைய சர்வரில் அவர் 'ராமலிங்கம் எஸ்/ஓ வடிவேலு'. எஸ்/ஓ என்றால் இன்னாருடைய மகன், டி/ஓ என்றால் இன்னாருடைய மகள்; அடையாள அட்டையில் இருப்பதை அப்படியே அடித்து வைப்பதுதான் இங்கே வழக்கம். பழைய சர்வர் அந்தச் சாய்கோட்டைச் சட்டையே செய்ததில்லை. புதியதற்கோ, சாய்கோடு என்றால் ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர் என்று அர்த்தம். வெளி ஃபோல்டரைத் திறந்து வைத்தது, உள்ளே இன்னொன்றை உருவாக்க முடியாமல் மெயிலைக் கைவிட்டது, போதாக்குறைக்குப் பச்சையும் காட்டிவிட்டது. அந்தக் கோடு இருந்தது நம் ஆட்களின் பெயர்களில் மட்டும்தான். ஐம்பத்தேழு பேர்.

அவளுக்கு அந்தக் கோடு ஜென்ம விரோதி. வங்கிப் படிவம் 'செல்லாத எழுத்து' என்று துப்பியிருக்கிறது. ஒரு கிளினிக்கில் டி/ஓவையே பெயராகப் படித்து 'மிஸ் டூ' என்று மூன்று முறை கூப்பிட்டார்கள். யாரையோ என்று அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த அப்பா அதைவிடப் பெரிய தொல்லை. குணசீலன். குணம் பெயரோடு சரி. அவளுக்கு ஒன்பது வயதில் வேறு குடும்பம் தேடிக்கொண்டு போனவர். தஞ்சோங் பகாரில் ஆபீஸ் ஆபீஸாகக் கூட்டிப் பெருக்கி வளர்த்தது அம்மா. அடையாள அட்டையில் நிற்பதோ அந்த மனுஷன் பெயர். அந்த ஆத்திரத்தில்தான் போகிற இடமெல்லாம் அவள் வெறும் உமா ஆனாள்.

"அக்கா, ரெடியா? வேன் மஞ்சள் கோட்டுல நிக்குது, அபராதச் சம்மன் போட்டுருவான்." ராஜீவ் வந்துவிட்டான்.

"பெட்டியைத் தொடாதீங்க தம்பி. ஒரு மணி நேரம் வேணும்."

"ஒரு மணி நேரமா? எனக்கு இன்னும் ரெண்டு இடம் இருக்குக்கா."

"தொட்டீங்கன்னா நடக்கிறதே வேற."

அவள் முகத்தைப் பார்த்தவன், வேனை நகர்த்துகிறேன் என்று முனகிக்கொண்டே இறங்கிப் போனான். இதற்குள் ஜரீனாவே கூப்பிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் குரல் மாறியது. ஆனாலும் சுலபமாக ஒரு வழி சொன்னாள்.

"அப்பா பேரையெல்லாம் வெட்டிடு லா. சொந்தப் பேரு மட்டும் போதும்."

அப்பா பெயரை வெட்டுவது உமாவுக்குக் கைவந்த கலை. வெட்டுவதற்கான கட்டளையை எழுதியும் விட்டாள். தட்டப் போனவள் பட்டியலைப் பார்த்து நின்றாள். சரோஜினி இரண்டு பேர்; ஒரு ஃபோல்டர் குறைந்தது அதனால்தான். கிளமெண்டியில் இருப்பவர் இராஜரத்தினத்தின் மகள். அவருக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது, உயிருக்கே ஆபத்து. குவீன்ஸ்டவுனில் இருப்பவர் வேறொரு ராமலிங்கத்தின் மகள். அவருக்குப் போடுவதே பென்சிலின்தான். வெட்டினால் இரண்டு பேர் கடிதமும் ஒரே ஃபோல்டரில் கலந்துவிடும். எழுதிய கட்டளையை அழித்தாள்.

"வெட்ட முடியாது ஜரீனா. ரெண்டு சரோஜினி இருக்காங்க. அப்பா பேருதான் அவங்களைப் பிரிச்சுக் காட்டுது."

"யா அல்லா. திங்கட்கிழமை ரெண்டு பேருக்குமே விசிட் இருக்கு."

சாய்கோடு இருந்த இடத்தில் எல்லாம் படுக்கைக் கோடு போட்டு, அப்பாக்களை அவரவர் இடத்திலேயே விட்டு, ஐம்பத்தேழையும் மறுபடி ஏற்றினாள். ஏறுகிற வரைக்கும் ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்தாள். கீழே ராஜீவ் வேனிலிருந்து இரண்டு முறை ஹாரன் அடித்தான். காதில் விழுந்தது. விழாத மாதிரி நடந்தாள்.

ஐந்தே காலுக்கு எண்ணிக்கை ஒத்துப்போனது, ஒன்று கூடக் குறையாமல். பச்சையை அவள் நம்பவில்லை. கிளமெண்டி சரோஜினியின் ஃபோல்டரைத் தன் கையால் திறந்தாள். வியாழக்கிழமை டாக்டர் எழுதியது முதலில் இருந்தது: பென்சிலின் கூடவே கூடாது. அந்த அம்மாவை அவள் நேரில் பார்த்ததுகூட இல்லை, ஆனாலும் கண் கலங்கிவிட்டது.

ராஜீவ் மேலே வந்து டேப்லட்டை நீட்டினான். "அழிக்கச் சம்மதம்னு கையெழுத்து வேணும்கா. அட்டையில இருக்கிற முழுப் பேரு."

எத்தனையோ வருடத்துக்குப் பிறகு முழுசாக அடித்தாள். உமாமகேஸ்வரி டி/ஓ குணசீலன். செல்லாத எழுத்து என்று சிவப்பில் வந்தது.

"கோட்டை எடுத்துருங்கக்கா. இல்ல, உமான்னு மட்டும் போடுங்க. யாரு பார்க்கப் போறா?"

இத்தனை காலமும் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டு வந்த அதே வார்த்தை. குணசீலனை அவள் மன்னித்துவிடவில்லை. அது வேறு வழக்கு. ஆனால் பாதிப் பெயரில் என்ன நடக்கும் என்பதைச் சற்று முன்புதான் கண்ணால் பார்த்திருந்தாள்.

"காகித ஃபார்ம் இருக்கா தம்பி? பேனாவும் குடுங்க."

அவன் தலையில் அடித்துக்கொண்டு வேனுக்கு ஓடி, கசங்கிய ஃபார்ம் ஒன்றைக் கொண்டுவந்தான். நின்றபடியே எழுதினாள். சாய்கோடு வந்ததும் பேனாவை அழுத்தி, ஒன்றுக்கு இரண்டு தரம் இழுத்தாள்.

"இப்ப அழிங்க," என்றாள்.