கிரகணம் விட்ட பிறகு கழுவிய மீன் தொட்டி

சுடலைமாடத்தி எங்கள் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தபோது அவள் புருஷன் சாரத்திலிருந்து விழுந்து படுக்கையில் கிடந்தான். ஆலங்குளம் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்குக் கொத்தனார் வேலைக்கு வந்தவன். அவன் போன பிறகும் அவள் ஊருக்குத் திரும்பவில்லை. பிள்ளை கிடையாது. என் பேரன் வினீத்துக்குத் தலைவலி என்றால் எங்களுக்கு முன்னால் அவளுக்குத்தான் தெரியும்.

வினீத்துக்குக் கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் கம்ப்யூட்டர் வேலை போனது. அறைக்கதவைச் சாத்திக்கொண்டான். தட்டு உள்ளே போகும், பாதிச் சோற்றோடு வெளியே வரும். கூடத்து மீன் தொட்டிக்காக மட்டும்தான் எழுந்து வருவான். இரை போடுவான், கொஞ்சம் தண்ணீர் மாற்றுவான். சுடலை துடைப்பத்தோடு பக்கத்தில் நின்று, கருப்பு மீனைக் காட்டி, "அந்தக் கருப்பன் ஏன் தம்பி உர்ருன்னு இருக்கான்?" என்பாள். அவளுக்குப் பதில் சொல்வான். பெற்ற தாய்க்கும் எனக்கும் அதுகூடக் கிடையாது.

கிரகணம் வந்தது. கிரகணம் விட்டால் தர்ப்பை போடாத தண்ணீரையெல்லாம் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடிப்பது எங்கள் வீட்டு வழக்கம். மறுநாள் காலையில் வினீத், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போனான். என் மருமகள் மங்கலம் கோவிலுக்குக் கிளம்பினாள்.

"சுடலை, ஆத்துல ஒரு சொட்டு பழைய ஜலம் இருக்கப்படாது, கேட்டயா? எல்லாத்தையும் தேச்சு வை."

நான் பூஜை அறையில் இருந்தேன். மீன் வாழ்கிற தண்ணீருக்குத் தோஷம் கிடையாது. இப்போதும் அதைத்தான் சொல்வேன். என்னை யார் கேட்டார்கள்?

சுடலை அண்டா, குடம், வாளி எல்லாம் கவிழ்த்தாள். பிறகு தொட்டியைப் பார்த்தாள். அதிலும் தர்ப்பை இல்லை. மீன்களை வாளியில் விட்டு, பாசி பிடித்த கண்ணாடியையும் கூழாங்கல்லையும் ஃபில்டர் பஞ்சையும் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, பைப் தண்ணீர் நிரப்பினாள். "தம்பி வந்து பாத்தா அசந்துருவாக, பாட்டியம்மா" என்றாள்.

மத்தியானத்துக்குள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்று மல்லாந்தது. சுடலை போட்டது போட்டபடி வளர்ப்பு மீன் கடைக்கு ஓடினாள். கடைக்காரப் பையன் ஸ்ரீஜித் தலையில் கை வைத்துக்கொண்டானாம்.

"அய்யோ சேச்சி, பஞ்சையும் கழுவியாச்சா? அதுல இருக்கிற அழுக்குதானே தண்ணிய நல்லதாக்கறது! சோப்பு வேற! பைப் வெள்ளத்துல குளோரின் உண்டு."

அவனுடைய தொட்டித் தண்ணீரை ஒரு கேனில் பிடித்து, பழைய பஞ்சையும் குளோரினுக்கு மருந்தையும் வாங்கிக்கொண்டு வந்தாள். மீன்களை மறுபடி வாளிக்கு மாற்றி, சோப்பு ஏறிய கூழாங்கல்லை அள்ளி வெளியே கொட்டினாள். தொட்டியைப் பல தடவை அலசி அந்தத் தண்ணீரை விட்டாள். அதற்குள் கருப்பனைத் தவிர மற்றவையெல்லாம் மிதந்தன. கோவிலிலிருந்து வந்த மங்கலம் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "தொட்டியையா சொன்னேன்? அவன் வந்தா நான் என்னடீ சொல்லுவேன்?"

"நான் சொல்லுதேன் மாமி. நீங்க உள்ள போங்க."

குவளையில் தண்ணீரை மொண்டு, உயரத் தூக்கி ஊற்றினாள். காற்று சேருமாம். மொண்டு ஊற்றினாள், மொண்டு ஊற்றினாள். செத்ததை மறைக்கவில்லை, ஒரு தட்டில் வரிசையாக வைத்திருந்தாள்.

வினீத் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "தம்பி, ஒங்க மீனெல்லாம் நான் கொன்னுட்டேன்" என்றாள்.

அவன் தட்டைப் பார்த்தான். நேரே அறைக்குப் போனான். தாழ்ப்பாள் விழுந்தது. மங்கலம் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

சுடலை ஊற்றுவதை நிறுத்தவில்லை. கதவைப் பார்த்துக் கத்தினாள்: "தம்பி, கருப்பன் இருக்கான்! செவுளு அசையுது. எனக்கு இதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. வந்து திட்டுங்க, அடிங்க. ஆனா வந்து பாருங்க! ஏ தம்பி!"

நான் எழுந்து கதவைத் தட்டப் போனேன். "வேண்டாம் பாட்டியம்மா" என்றாள். அவள் ஊற்றிய தண்ணீர் தரையெல்லாம் சிந்தியது. "ஏ தம்பி, இவன் சாயுதானே..."

தாழ்ப்பாள் திறந்தது. வினீத் வந்து தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தான். அவனுடைய கண் சிவந்திருந்தது.

"சூடா இருக்கு. ஃபேனை இந்தப் பக்கம் திருப்புங்க அக்கா" என்று குவளையை வாங்கிக்கொண்டான். கருப்பன் பிழைக்குமா என்று அவனும் சொல்லவில்லை.