சாத்தையா அண்ணன் மலையில் வைத்த பெட்டி

சென்ற மாதம் ஒரு காலையில் கல்லலில் இருந்து போன் வந்தது. சாத்தையா அண்ணனின் மனைவி பேசினார். "ஒங்க அண்ணன் போயிட்டாக. மூணு வாரமா ஆஸ்பத்திரியிலதான் கெடந்தாக. ஒங்களுக்குச் சொல்லவானு கேட்டேன். 'வேணாம், அவனா வரட்டும்'னு சொல்லிட்டாக." மதினியின் குரலில் அழுகை இல்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

என்னைப் போலவே அவரோடு வயல்வரப்புகளில் வெயிலில் கருகிய சக சர்வேயர்களான உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். முப்பது வருடத்துக்கு மேல் சர்வேயராக இருந்தவர்; அளக்கப் போன வீட்டில் காப்பிகூடக் குடிக்க மாட்டார். வலையபட்டியில் ஒருமுறை பாகப்பிரிவினை நிலத்தில் அண்ணனும் தம்பியும் கம்போடு நிற்கிறார்கள். இவர் பாட்டுக்கு நடுவில் நாடாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "அடிச்சுக்கிறதா இருந்தா அளந்து முடிச்சப்புறம் அடிச்சுக்கங்க. இப்ப அங்குட்டுத் தள்ளி நில்லுங்க, நெழல் விழுகுது" என்றார். இருவரும் தள்ளித்தான் நின்றார்கள்.

ஓய்வுக்குப் பிறகு இங்கிலாந்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனவர் ஒரு விளையாட்டுப் பைத்தியத்தோடு திரும்பினார். அங்கே மலைகளில் பெட்டிகளை ஒளித்து வைப்பார்களாம். உள்ளே ஒரு நோட்டு, ஒரு ரப்பர் ஸ்டாம்ப். குறிப்பை வைத்துத் தேடிக் கண்டுபிடிப்பவர் அந்த நோட்டில் கையெழுத்துப் போட்டு, ஸ்டாம்பைத் தன் நோட்டில் குத்திக்கொண்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். பிரான்மலைக் காட்டில் அண்ணனும் ஒன்றை வைத்தார். "தம்பி முருகேசா, மொதக் கையெழுத்து ஒன்னோடதாத்தான் இருக்கணும்" என்று ஒரு துண்டுச் சீட்டைத் தந்தார். 'பாதைத் திருப்பத்து எல்லைக்கல்லில் இருந்து கிழக்கே 40. பாறைக்கு அடியில்.' அவ்வளவுதான்.

போனேன். கல்லில் இருந்து நாற்பது மீட்டர் அளந்தால் முள் அடர்ந்த பள்ளம். அரைநாள் தேடியதில் வழுக்கி விழுந்து கை முறிந்ததுதான் மிச்சம். பதறிப்போய்ப் பார்க்க வந்த அண்ணனிடம், நாலு பேர் முன்னால், "வேலையத்த கெழவன் வெளையாட்டுக்கு என் கைதான் கெடைச்சுச்சா?" என்று கத்திவிட்டேன். "பெட்டி இருக்கு தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் பலமுறை போன் செய்தார். நான் எடுக்கவில்லை. ஒருநாள் அவர் நம்பரை பிளாக் செய்தேன். இரண்டு வருடம் ஓடிவிட்டது.

சாவு வீட்டில், அவரைக் கிடத்தியிருந்த கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் சுவரில் நிலம் அளக்கும் பழைய இரும்புச் சங்கிலி தொங்கியது. பார்த்ததும்தான் அந்த நாற்பது எனக்குப் புரிந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அளவு மீட்டர் அல்ல, லிங்க். ஒரு லிங்க் என்பது அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி, ஒரு சாணுக்கும் கொஞ்சம் குறைவு. அளவைப் புத்தகத்தில் வெறும் எண்ணை மட்டும் எழுதித்தான் எங்களுக்குப் பழக்கம். அவர் நாற்பது லிங்க் என்று நினைத்து எழுதியிருக்கிறார். நான் நாற்பது மீட்டர் போயிருக்கிறேன். வேறு எவனாக இருந்தாலும் "நாற்பது என்ன?" என்று கேட்டிருப்பான். சர்வேயர் என்கிற மிதப்பில் நான் கேட்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் மலை ஏறினேன். கல்லில் இருந்து எட்டு மீட்டரில் பாறை. அடியில் கைவிட்டதும் எவர்சில்வர் டப்பா தட்டுப்பட்டது. நோட்டில் பதினோரு பக்கங்கள், மலை ஏறிய நாளுக்கு ஒன்றாக, அத்தனையும் அவர் எழுத்து. 'முருகேசன் வரவில்லை.' 'மழை. முருகேசன் வரவில்லை.' ஒரு பக்கத்தில், 'லிங்க் என்று எழுதாதது என் தப்பு. சொல்லலாம் என்றால் போனை எடுக்க மாட்டேன் என்கிறான்.' கடைசிப் பக்கத்தில், 'முழங்கால் முடியவில்லை. இனி ஏற மாட்டேன்.' நிலத்துக்காரர் கையெழுத்துக்கு இடம் விடுவதுபோல, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு கோடு போட்டு, கீழே என் பெயரை எழுதியிருந்தார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு பதினோரு கோட்டின் மேலும் கையெழுத்துப் போட்டேன்.

நோட்டை எடுத்து வரக்கூடாது என்பது விளையாட்டின் சட்டம். எடுத்து வந்துவிட்டேன். அண்ணனின் நினைவாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். எனக்காகப் பதினோரு தடவை மலை ஏறியவரிடம், ஒரே ஒரு தடவை போனை எடுத்து "சொல்லுங்கண்ணே" என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.