ஆலாக்களுக்குப் போட்ட புல்தரை

துறைமுகத்தைத் தூர்வாரி எடுத்த மணலை வீணாக்காமல், கரைக்குச் சற்றுத் தள்ளி ஒரு திட்டாகக் கொட்டியிருக்கிறோம். ஆலாப் பறவைகள் முட்டையிட. அவற்றுக்கு வெறும் மணல்தான் வேண்டும். புல் மண்டினால் வேறு இடம் பார்த்துப் போய்விடும். அதனால் திட்டை மொட்டையாக வைத்திருப்பதுதான் என் உத்தியோகமே.

லீவில் குளுவாங்கில் இருக்கும் வீட்டுக்குப் போய்விட்டு இன்று காலை படகில் வந்து இறங்கினால், திட்டு முழுக்கப் பச்சைப் புல்தரை. ஓரமெல்லாம் பூச்சட்டி.

சூப்பர்வைசர் செல்வம் அண்ணன் பூரித்துப்போய் நின்றார்.

"இன்னிக்கு திட்டைப் பார்க்க டத்தோ வராரு லா, பட்டம் வாங்கின பெரிய மனுஷன். மொட்டையா கெடந்தா நல்லாவா இருக்கும்? எல்லாரும் சேர்ந்து கோத்தோங் ரோயோங் போட்டு நட்டோம்மா."

"அண்ணே, புல் இருக்கக்கூடாதுன்னு போர்டே வச்சிருக்கோமே?"

"அந்தப் போர்டா? அதுக்கும் புது பெயிண்ட் அடிச்சிட்டோம்."

எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. போன வாரம் ஒரு ஜோடி ஆலா மணலைக் கீறிக் குழி பறித்த இடத்தில் இப்போது ஒரு செம்பருத்திச் சட்டி.

டத்தோ வந்தார். புல்லில் நின்று படம் எடுத்துக்கொண்டார். மனதாரப் பாராட்டினார். படகில் ஏறும்போதுதான், "பறவைங்கள எங்க காணோம்?" என்று மலாயில் கேட்டார்.

செல்வம் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

நாளை முழுக்கப் புல் பிடுங்கும் வேலை. வீட்டு வாசலுக்குப் புல்தரை வேண்டுபவர்கள் கீழே கமெண்டில் சொல்லுங்கள். புத்தம் புதுசு, ஒரே ஒரு டத்தோதான் மிதித்திருக்கிறார்.