கட்டம் கட்டமாகத் தெரிந்த தமிழ்

போர்க்காலத்தில் பல்கலைக்கழகமொன்றில் ஆய்வு உதவியாளராக இருந்தேன். தலைக்கு மேல் வேலை. மாத்தளைத் தோட்டங்களிலிருந்து சோதனைச் சாவடிகளைத் தாண்டி வெளியூர் போய்வருகிறவர்களிடம் பேசி, கேசட்டில் பதிந்து, பிறகு அதைக் கேட்டு எழுத்தாகக் கணினியில் ஏற்ற வேண்டும். அதற்கென்றே ஒரு மென்பொருள் வாங்கியிருந்தார்கள். பேச்சின் ஒவ்வொரு துண்டுக்கும் ‘பயம்’, ‘பயணம்’, ‘குடும்பம்’ என்று தலைப்புக் கொடுத்துவிட்டால், பிறகு ‘பயம்’ என்று தேடும்போது அத்தனை பேரின் பயமும் வரிசையாக வந்து நிற்கும். ஆனால் அந்தச் சனியனுக்குத் தமிழ் தெரியாது. தமிழைப் போட்டால் கட்டம் கட்டமாகக் காட்டும். அதனால் கேட்கக் கேட்க நேரே ஆங்கிலத்தில் தட்டினேன். முடிந்த கேசட்டை அழித்து அடுத்தவருக்கு எடுத்துக்கொள்வோம். சொன்னவரின் ரகசியமும் வெளியே போகாது, புதுக் கேசட்டும் தேவையில்லை. என்ன கெட்டிக்காரத்தனம்!

ஒருநாள் அலுவிகாரையில் எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். தோட்டத்தில் அவள் கணவரிடம் நான் பேசிய அன்று எனக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தவள். நாவுல போகிற பஸ்ஸிலிருந்து அவரைச் சோதனைச் சாவடியில் இறக்கிக் கொண்டுபோய் மூன்று மாதம் ஆகியிருந்தது. எங்கே என்று ஒருவரும் சொல்லவில்லை.

“படம் இருக்குங்க மிஸ். கொரலுதான் இல்ல. நீங்க கேசட்டுல புடிச்சிட்டுப் போனீங்களே, ஒருக்கா போட்டுக் காட்டுங்க. புள்ள அப்பா கொரலைக் கேக்கட்டும்.”

அவர் குரல் இருந்த கேசட்டில் இப்போது கலேவெலக்காரர் ஒருவர் மரக்கறி லொறியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அழித்துவிட்டேன் என்று சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

“பேசினதாவது இருக்குங்களா?”

ஆங்கிலப் பிரதியை எடுத்துவந்து, தமிழாக்கி வாசித்தேன். “ஒவ்வொரு நாளும் வீட்டைவிட்டுப் புறப்படும்போது, திரும்பி வருவேனா என்ற அச்சம் எனக்கு இருக்கிறது.”

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது அவரு இல்லீங்க மிஸ். ‘வந்துங்க, வந்துங்க’ன்னு ரெண்டு வாட்டி சொல்லாம அவருக்குப் பேச்சே வராதே.”

ஐயோ, ஆமாம். கேசட்டைக் கேட்கும்போது அந்த ‘வந்துங்க’ எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆய்வுக்கு உதவாத சொல் என்று ஒன்றுவிடாமல் தள்ளிவிட்டுத்தான் தட்டினேன். அதற்கு எந்தத் தலைப்பும் எங்களிடம் இருக்கவில்லை.

“அதையும் சேத்துப் படிங்க மிஸ்.”

தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். “வந்துங்க... வந்துங்க... காலையில பொறப்படுறப்போ, திரும்பி வருவேனான்னு பயமா இருக்குங்க.”

குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது.

“போதுங்க மிஸ். உங்க கொரலையே அப்பா கொரலுன்னு நெனச்சிக்கும்” என்றாள் அவள். குழந்தையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, அதன் காதைக் கையால் பொத்தினாள்.