குரூப்பில் வராத மௌத்து

செய்ன் நானாவுக்கு உலகத்துப் புதுக் கண்டுபிடிப்புகள் எல்லாவற்றின் மீதும் ஒரு அபிப்பிராயம் உண்டு. காலை எட்டரைக்குத் தில்லையடியில் என்னுடைய போட்டோ கொப்பிக் கடையைத் திறந்தால், எட்டே முக்காலுக்கு வந்து வாசல் கதிரையில் உட்காருவார். உப்பளத்தில் அவருக்குப் பின்னேர வேலைதான். பேப்பரில் அரசியல் பக்கங்களைப் புரட்டித் தள்ளிவிட்டு, தொழில்நுட்பச் செய்திகளை மட்டும் ஒரு எழுத்து விடாமல் வாசிப்பார். வாசித்துவிட்டுச் சும்மா இருக்கமாட்டார்.

சாரதி இல்லாமல் ஓடும் கார் வந்துவிட்டது என்று ஒருநாள் போட்டிருந்தார்கள்.

"நம்மட கொழும்பு பஸ்ஸில சாரதி இருந்தும் இல்லாத மாதிரித்தானே புள்ள ஓடுது. அவனுகளுக்கு இப்பதான் விளங்கியிருக்கு" என்றார்.

முட்டை முடிந்துவிட்டால் அறிவிக்கும் குளிர்சாதனப் பெட்டி பற்றி இன்னொரு நாள். "என்ட வீட்டில அதைச் சொல்லுறதுக்கு ஆள் இருக்கு. கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு வாற பெட்டி வந்தாச் சொல்லு." இறந்தவர்களின் குரலைச் செயற்கை நுண்ணறிவு திரும்பக் கொண்டுவருமாம், அவர்களோடு கதைக்கலாமாம் என்ற செய்திக்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை. "உசிரோட இருக்கிறவங்க கோல் எடுத்தா 'பிறகு எடுக்கிறன்' எண்டு வைக்கிறாங்க. மௌத்தானவங்களோட என்னத்தைக் கதைக்கப் போறாங்க?" என்று பேப்பரை மடித்து வைத்தார்.

என் பெயர் றம்ஸியா. என் வாய் கொஞ்சம் நீளம் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் மறுப்பதில்லை. செய்ன் நானாவின் முழுப் பெயர் செய்னுலாப்தீன். அவரும் நானும் மன்னார்க் கரையில் ஒரே ஊர். தொண்ணூறாம் ஆண்டு, சண்டைக்குள், இயக்கம் முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொன்னபோது எனக்குப் பத்து வயது, அவருக்கு இருபத்துமூன்று. புத்தளத்துக்கு வந்தபின் எங்கள் ஊர் ஒரு இடத்தில் இருக்கவில்லை. பாலாவியில் பத்துக் குடும்பம், கற்பிட்டிப் பாதையில் இருபது, தில்லையடியில் நாற்பது, கனமூலையில் ஐந்தாறு என்று முகாம்களில் சிதறிப் போனோம். யாராவது மௌத்தானால் அன்றைக்கே அடக்கவேண்டும். அதற்குள் எல்லா முகாமுக்கும் யார் போய்ச் சொல்வது? ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு செய்ன் நானா போனார். பிறகு அதுவே அவருடைய வேலையாகிவிட்டது. அவருடைய சைக்கிள் மணி கேட்டால் என் உம்மா அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு, "யா அல்லாஹ், யாரு?" என்று வாசலுக்கு ஓடுவா.

அந்தக் காலத்தை யாராவது நல்ல காலம் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "கொட்டுற மழையில கனமூலைக்கும் கற்பிட்டிக்கும் மிதிச்சவன் நான். அது நல்ல காலமெண்டா அந்தச் சைக்கிளை நீ எடுத்துக்கொண்டு போ" என்பார். கைப்பேசி வந்ததும் சைக்கிளை முதலில் விற்றவர் அவர்தான். வட்ஸ்அப் வந்ததும் 'ஊர் ஜனாஸா அறிவித்தல்' என்று ஒரு குரூப்பைத் தொடங்கினார். கொழும்பு, மன்னார், கட்டார், லண்டன் என்று ஊர்ச் சனம் அத்தனையும் அதில் இருந்தது. அறிவித்தலுக்கு அவரிடம் ஒரு ஒழுங்கு உண்டு. மௌத்தானவரின் பெயர், வாப்பாவின் பெயர், ஊரில் எந்த ஒழுங்கையில் வீடு, இப்போது எங்கே, கடைசி வரியில் நல்லடக்கம் எத்தனை மணிக்கு, எந்த மையவாடியில். நேரம் இல்லாமல் ஒரு அறிவித்தலும் அவர் போட்டதில்லை.

உண்மையைச் சொன்னால் எங்கள் ஊர் இப்போது ஜனாஸாக்களில்தான் கூடுகிறது. கல்யாணத்துக்கு வராதவர்களும் மௌத்துக்கு வருவார்கள். மையவாடியில் மண் போட்டுவிட்டு வெளியே நின்று, எந்த வீட்டுப் பக்கத்தில் எந்தப் புளியமரம் நின்றது என்று ஆண்கள் ஒரு மணித்தியாலம் வாக்குவாதப்படுவார்களாம்.

இரண்டு வருடத்துக்கு முந்தி ஹஸன் ஹாஜியாரை நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். யாரோ ஒரு அவசரக்காரன் அவர் மௌத்தாகிவிட்டார் என்று குரூப்பில் போட்டுவிட்டான். கொழும்பிலிருந்து ஒரு வேன், மன்னாரிலிருந்து ஒரு வேன். வந்து இறங்கினால் ஹாஜியார் வீட்டு முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். "யாரு மௌத்து? இவ்வளவு சனம்?" என்று அவரே கேட்டாராம்.

ஊர் சிரித்தது. செய்ன் நானாவுக்கு அவமானமாகிவிட்டது. மறுநாள் போனைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "கண்டவனும் இதில எழுதாம இருக்க ஒரு வழி இருக்குமே புள்ள?"

வழி இருந்தது. அட்மின் மட்டும்தான் எழுதலாம் என்று மாற்றிக் கொடுக்க எனக்கு அரை நிமிடம் போதுமாக இருந்தது. "இன்னொருத்தரையும் அட்மினாப் போடுங்க நானா" என்று சொன்னேன். சொன்னேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன், அதனால் என் பங்கு ஒன்றும் குறைந்துவிடப் போவதில்லை.

"முப்பது வருசத்துக்கு மேல நான் கொண்டுபோன ஒரு செய்தியும் பொய்யானதில்ல" என்றார். அதில் பெருமை இருந்தது. அந்த மனிதருக்கு இருந்த ஒரே பெருமை அது. அன்றைக்கே அவர் குரூப்பில் எழுதினார்: 'எனது அறிவித்தல் வராமல் எவருடைய மௌத்துச் செய்தியையும் யாரும் நம்ப வேண்டாம்.' இருநூறு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

செய்ன் நானாவுக்கு ஒரே ஒரு லாத்தா. ஆசியா உம்மா. பன்னிரண்டு வயது மூத்தவ. தாய் இல்லாத பிள்ளையைத் தூக்கி வளர்த்தவ. கனமூலையில் மகன் மஸாஹிரோடு இருந்தா. சண்டை முடிந்தபின் சிலர் ஊருக்குத் திரும்பிப் போனார்கள். ஆசியா லாத்தாவின் வளவு காடாகிக் கிடந்தது, அதை வெட்டித் துப்புரவாக்கி வீடு கட்ட அவவுக்கு வயதும் இல்லை, உடம்பும் இல்லை. போன நோன்புப் பெருநாளுக்கு நான் போயிருந்தபோது, தம்பியையும் வைத்துக்கொண்டு சொன்னா:

"நான் ஊருக்குப் போகாமத்தான் மௌத்தாகப் போறன். அது பரவாயில்ல. என்ட ஜனாஸாவுக்கு ஊர் வரும்தானே. டேய் செய்னு, என்னைக் குழிக்குள்ள இறக்கிற முதல் கை உன்ட கையா இருக்கணும். கேட்டுதா?"

"ஓம் லாத்தா. ஊரையே கூட்டிக்கொண்டு வாறன்" என்றார் அவர். அவவைச் சிரிக்க வைக்கத்தான் அப்படிச் சொன்னார், ஆனால் சொன்னது சொன்னதுதான்.

இந்த வருடம் வைகாசியில் ஒரு வியாழக்கிழமை, அன்றைக்கு அவருக்கு உப்பளத்தில் வேலை இல்லை. பேப்பரில் வந்தது ஒரு சின்னச் செய்தி. வெளிநாடுகளில் ஆட்கள் வாரத்தில் ஒரு நாள் கைப்பேசியை அணைத்து வைத்துவிட்டு இருக்கிறார்களாம். கைப்பேசி நோன்பு என்று தலைப்பு.

"நோன்பெண்டா பசிக்கணும்" என்றார் செய்ன் நானா. "போன் இல்லாட்டி யாருக்குப் பசிக்கப் போகுது?"

"உங்களுக்குத்தான் பசிக்கும். பத்து நிமிசத்துக்கு ஒருக்கா எடுத்துப் பார்க்கிறீங்க. ஒரு நாள் விட்டுட்டு இருங்க பார்ப்பம்" என்றேன் நான்.

"மௌத்துச் செய்தி வந்தா?"

"ஒரு நாளைக்கு உசிரெடுக்கிற மலக்குல் மௌத்தும் லீவு எடுக்கட்டுமே."

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரித்தார். போனை அணைத்து என் மேசை லாச்சிக்குள் வைத்தார். கற்பிட்டியில் யோகராசா என்று அவருக்கு ஒரு கூட்டாளி, வாடி போட்டு மீன்பிடிக்கிற மனிதர். "யோகராசாட்டப் போய் மீன் கறி திண்டுட்டு பின்னேரம் அஸருக்கு வாறன். அதுவரைக்கும் இதைத் தொடாத. தோத்தது யாரெண்டு அப்ப பார்ப்பம்" என்று சொல்லிவிட்டு ஒன்பது மணிப் பஸ்ஸில் ஏறினார்.

பத்தரை இருக்கும். கடையில் பள்ளிப் பிள்ளைகளின் பரீட்சைத் தாள்கள் மலையாகக் கிடந்தன. ஆட்டோ ஓட்டும் றிம்ஸான் வந்தான், அவனும் எங்கள் ஊர்.

"றம்ஸியா லாத்தா, கனமூலையில ஆசியா உம்மா மௌத்தாம் எண்டு ஒரு கதை வருது. மெய்யா? மெய்யெண்டா வேன் பிடிக்கணும், ஸ்டாண்டில எட்டுப் பேர் நிக்கிறாங்க."

நான் ஒரு கையால் தாளைத் தள்ளிக்கொண்டு மற்றக் கையால் என் போனை எடுத்துக் குரூப்பைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. போன கிழமை வந்த ஒரு அறிவித்தல்தான் கடைசியாக இருந்தது.

"குரூப்பில ஒண்டும் வரயில்லயே. பொய்யாக்கும். செய்ன் நானாட சொந்த லாத்தா, மெய்யெண்டா அவர் போடாமலா இருப்பார்?" என்றேன்.

அவன் போய்விட்டான். ஸ்டாண்டில் நின்றவர்களும் கலைந்து போனார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் 'பொய்யாம்' என்று அவன் சொல்லியிருக்கிறான். நான் தாள்களை அடித்தேன். என் முழங்காலுக்கு நேரே, மூடிய லாச்சிக்குள், அணைத்த போன் கிடந்தது. அது எனக்குத் தெரியாமல் இருக்கவில்லை. ஆனால் குரூப்பில் வரவில்லை என்றால் நடக்கவில்லை என்று என் மண்டையில் ஏறி இரண்டு வருடமாகிவிட்டது.

பன்னிரண்டு மணிக்கு மெஷின் சூடாகி நின்றது. குரூப்பில் போடவேண்டியவரின் போனே என்னிடம்தான் கிடக்கிறது என்று அந்த அமைதியில்தான் எனக்கு உறைத்தது. லாச்சியைத் திறந்து போனை உயிர்ப்பித்தேன். அது பூட்டு எண் கேட்டது, எனக்குத் தெரியாது. உள்ளே போகவும் முடியாது, குரூப்பில் எழுதவும் முடியாது, யோகராசாவின் நம்பரை எடுக்கவும் முடியாது. அப்படியே வைத்துக்கொண்டு நின்றபோது அது அடித்தது. மஸாஹிர்.

"மாமா! எங்க மாமா இருக்கீங்க? காலையிலிருந்து அடிக்கிறன். உம்மா ஒன்பதுக்கு மௌத்தாப் போயிட்டா மாமா..."

நான் றம்ஸியா என்று சொன்னேன். மாமா கற்பிட்டியில், கையில் போன் இல்லை என்று சொன்னேன்.

"ளுஹர் தொழுகைக்குப் பொறகு எடுக்கிறம் லாத்தா. உம்மாட உடம்பு தாங்காது, இதுக்கு மேல வைக்க வேணாம் எண்டு பள்ளியில சொல்லுறாங்க. ஊர்ச் சனத்துக்கு நானும் எடுத்துச் சொன்னன். எல்லாரும் குரூப்பில வரட்டும் எண்டுறாங்க. என்ட பேச்சை ஒருத்தரும் நம்பயில்ல."

றிம்ஸானைக் கற்பிட்டிக்கு விரட்டினேன். நான் எடுத்துச் சொன்ன நாலைந்து பேரும் குரூப்பில் வரட்டும் என்றுதான் சொன்னார்கள். அவன் அங்கே வாடி வாடியாய் விசாரித்து ஆளைக் கண்டுபிடிக்கும்போது இரண்டு மணி. சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு நின்றாராம். செய்தியைக் கேட்டதும் ஆட்டோவில் ஏறியிருக்கிறார். பாலாவியில் வைத்து, "ஊர்ச் சனம் எல்லாம் போயிட்டாங்களா?" என்று கேட்டாராம். றிம்ஸான் ஆட்டோவை இன்னும் வேகமாக விட்டிருக்கிறான்.

கனமூலை ஆட்கள் வந்திருந்தார்கள், அது அந்த ஊரின் நல்ல குணம். எங்கள் ஊரிலிருந்து நான்கு பேர். ஆசியா லாத்தாவை மகனும் மருமகனும் இறக்கினார்கள். செய்ன் நானா போய்ச் சேர்ந்தபோது கபுறில் தண்ணீர் தெளித்த ஈரம்கூடக் காய்ந்துவிட்டது. அவர் கபுறின் பக்கத்தில் குந்தி, இரண்டு கைகளையும் மண்ணில் வைத்து அழுத்திக்கொண்டு அஸர் பாங்கு சொல்லி முடியும்வரை அப்படியே இருந்தார் என்று றிம்ஸான் சொன்னான். இறக்காத கையை அங்கேயாவது வைத்துப் பார்த்திருக்கிறார்.

பொழுதுபடும் நேரம், மஃரிபுக்கு முன்னம் கடைக்கு வந்தார். உடுப்பெல்லாம் மண். போனைக் கொடுத்தேன். காலையில் உட்கார்ந்த அதே கதிரையில் உட்கார்ந்து அறிவித்தலை எழுதத் தொடங்கினார். பெயர். வாப்பாவின் பெயர். பள்ளிக்குப் பின்னால் இரண்டாம் ஒழுங்கை. இப்போது கனமூலை. விரல் ஒவ்வொரு எழுத்தாகப் போனது. கடைசி வரிக்கு வந்ததும் நின்றது.

"புள்ள, இதில எத்தினை மணியெண்டு போடுறது?"

என்னால் அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் அந்த வரியை வெறுமையாகவே விட்டு அனுப்பினார். ஐந்து நிமிடத்துக்குள் இன்னாலில்லாஹி என்று நூறு பேர். அழுகிற முகங்கள், ஏந்திய கைகள். இன்னொரு பக்கத்தால் தனிப்பட்ட செய்திகள் வந்து விழுந்தன: 'நேரம் போடயில்லயே நானா?' 'எத்தினை மணிக்கு எடுக்கிறாங்க? வேன் ரெடி, வாறம்.' ஊர் வருவதற்கு ஆயத்தமாக நின்றது.

அவர் போனை என்னிடம் நீட்டினார்.

"அந்தப் பூட்டைத் திறந்துவிடு புள்ள. எல்லாரும் எழுதட்டும். பொய்யா இருந்தாலும் பரவாயில்ல, சனம் வந்து பார்த்துட்டுப் போகட்டும்."

திறந்தேன். இதற்கும் அரை நிமிடம்தான். நான் அழுவதைப் பார்த்துவிட்டு என் தலையில் கை வைத்தார். மண் இன்னும் அந்தக் கையில் இருந்தது.

"நீ ஏன் அழுற? பூட்டினது என்ட பெருமை. போனை வைச்சிட்டுப் போனதும் நான்தான். பாவம், உனக்கென்ன தெரியும்?"

ஊரில் யார் கேட்டாலும் இன்றுவரை இதையேதான் சொல்கிறார். றம்ஸியாவின் கடையில் போன் சும்மா கிடந்தது, அவளுக்கு ஒன்றும் தெரியாது என்கிறார். றிம்ஸானும் அவரிடம் எதையும் சொல்லவில்லை. இப்போதும் காலையில் வருகிறார், கதிரையில் இருக்கிறார், பேப்பரைக் கொடுத்தால் வேண்டாம் என்கிறார். ஒவ்வொரு நாளும் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறக்கிறேன். இவ்வளவு நீளமான வாய், அந்த ஒன்றுக்கு மட்டும் வருவதில்லை. பத்தரை மணிக்கு ஊர் என்னிடம் வந்து கேட்டது, பொய் என்று நான்தான் திருப்பி அனுப்பினேன்.