நீலாம்பாளின் இடப்பக்கம்

நீலாம்பாளுக்கு இடப்பக்கமே கிடையாது என்று ஊரில் கேலி பேசுவார்கள். அது பொய்யுமில்லை. கீழ்வேளூருக்குக் கிழக்கே, கூலியாட்கள் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டு அறுப்பை நிறுத்திய அந்தத் தை மாதம், மிராசுதார் வெளியூர் ஆட்களை வயலில் இறக்கினார். கைகலப்பில் யாரோ ஒருவன் பின்னாலிருந்து அவள் மண்டையில் தடியால் போட்டான். காயம் ஆறிவிட்டது. கண்களும் பளிச்சென்றுதான் இருந்தன. ஆனால் எதைப் பார்த்தாலும் அதன் இடது பாதி இல்லை.

முதலில் தெரிந்தது நடவில்தான். குனிந்து பின்னால் நகர்ந்துகொண்டே போனவளின் இடப்பக்கம் நீளமாக வெறும் சேறு கிடந்தது.

"ஏண்டி, ஒன் பங்குல பாதிய மாடு மேஞ்சிருச்சா?" என்றாள் நடவாட்களைக் கூட்டி வரும் அம்சம். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த நாள் அவளைக் கூப்பிடவில்லை.

கோர்ட்டுக்கு மட்டும் கூப்பிட்டார்கள். கூலியாட்கள் சங்கத்துச் சாமிதுரை வாரக்கணக்கில் சொல்லிக்கொடுத்திருந்தார். "பாத்தத மட்டும் சொல்லு தங்கச்சி. 'நெனைக்கிறேன்'னு ஒரு வார்த்தை வாயில வந்துச்சு, எதிர்க்கட்சி வக்கீல் கிழிச்சுப்புடுவான்."

கூண்டில் ஏறியவளிடம் அடித்தது யார் என்று கேட்டார்கள். "பாக்கலைங்க" என்றாள். நிஜம் அதுதான். அடித்தது யாரென்று ஊரே ஊகித்து வைத்திருந்தது; அவள் வாயிலிருந்து அந்தப் பெயர் வராமல் வழக்கு தள்ளுபடியானது. அதற்குப் பிறகு வலப்பக்கம் வந்தவர்களும் அவளிடம் பேசவில்லை.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரி ஒன்றில் இப்படிப்பட்டவர்களை வைத்து ஆராய்ச்சி நடக்கிறதென்று கேள்விப்பட்டுத் தனியாகவே ரயிலேறினாள். பார்வை கொஞ்சம் திரும்பினால் போதும், நடவு வரிசையில் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள்.

டாக்டர் ரெங்கசாமி பொறுமைசாலி. "கண்ணுல ஒண்ணுமில்லம்மா. பின்மண்டையிலதான் பார்வைக்கான இடம் இருக்கு, அது அடிபட்டிருக்கு" என்றார். கறுப்புப் பலகையின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. அதையே பார்க்கச் சொல்லிவிட்டு, சுற்றியிருந்த சின்ன பல்புகளை ஒவ்வொன்றாக எரியவிட்டார். வலப்பக்கம் எரிந்ததையெல்லாம் சொல்லிவிட்டாள்.

"இப்ப இடப்பக்கம். எரியுதா?"

"தெரியலைங்க."

"தெரியாட்டியும் சும்மா ஒரு குத்துமதிப்பா சொல்லு. மேலயா, கீழயா? கையால காட்டினாலும் சரி."

"பாக்காதத எப்படிங்கய்யா சொல்றது?"

"தப்பா சொன்னாலும் பரவால்லம்மா. பார்க்கலன்னு சொல்றவங்கள்லயே சில பேரு கை சரியான எடத்துக்குப் போகுது. மூளைக்கு வேற வழியிலயும் வெளிச்சம் போகுது போல. ஒன் கையும் அப்படிச் சரியாப் போச்சுன்னா, அத வச்சுப் பழக்கிப் பாக்கலாம்."

நீலாம்பாள் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். "குத்துமதிப்பா சொல்றதுன்னா, அன்னைக்குக் கோர்ட்டுலயே ஒருத்தன் பேரச் சொல்லியிருப்பேனே ஐயா. நாலு பேரு என்கிட்ட பேசிக்கிட்டாவது இருப்பாங்க."

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுபடி பல்பைப் போட்டார். அவள் இடக்கை மடியிலிருந்து லேசாக எழுந்து மேலே போகப் பார்த்தது. ஏன் என்று அவளுக்கே புரியவில்லை. பொய்ச்சாட்சி சொல்ல வந்த கையைப் போல அதை வலக்கையால் பிடித்து அமுக்கினாள்.

"தெரியலைங்க."

மாலையில் அவளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

சம்பா நடவுக்கு ஆள் போதவில்லை என்று தெரிந்து அம்சத்தின் வாசலில் போய் நின்றாள். "இடது கோடியில நிக்கிறேன்க்கா. எனக்கு அந்தாண்ட வரப்புதான், யாரு பங்கும் கெடாது."

சேர்த்துக்கொண்டார்கள். பேச்சும் பாட்டும் வரிசையின் நடுவிலேயே சுற்றி வந்தன, கோடிவரை வரவில்லை. முழுக்கத் தலையைத் திருப்பித் திருப்பி நட்டதில் கழுத்து இற்றுப்போனது. வெயில் ஏறியபோது வரப்பிலிருந்து யாரோ கட்டிவைத்த நாற்று முடி ஒன்றை அவளுக்கு இடப்புறமாக எறிந்தார்கள். அவள் திரும்பவில்லை. இடக்கை மட்டும் போய்ப் பிடித்துக்கொண்டது.

நடுவிலிருந்த அம்சம் நிமிர்ந்தாள். "அடியே, பாத்துட்டியா?"

நீலாம்பாள் கையிலிருந்த ஈர நாற்றைப் பார்த்தாள். தஞ்சாவூரில் மடிக்குள் அமுக்கிப் பிடித்த கை இதே கைதான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கு வரிசைக்கு நடுவில் நிற்கலாம்.

"பாக்கலக்கா" என்றாள்.

"கோர்ட்டுலயும் இதையேதான் சொன்னா" என்றது ஒரு குரல். வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. சிரிப்பு ஓய்ந்து அவர்கள் பேச்சுக்குத் திரும்பினார்கள். அவள் நாற்று முடியைப் பிரித்தாள். வரப்போரம் குனிந்து, திரும்பிப் பார்க்காமல், கை போன இடத்தில் இடப்பக்கம் ஒரு நாற்றை ஊன்றினாள்.